முதல் சிறுகதைத் தொகுப்பை சொந்தமா போடப்போறேன், பேக்கேஜ் வாங்கலாமா வேணாமா?

பாசிக்காரி_மக (மண்டபம்)

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் போய்ட்டு இருந்தேன், இப்பதான் முதல்தடவை எழுதுறேன். பதினோரு சிறுகதை சேர்ந்திருக்கு, எல்லாமே பாசி எடுக்க கடலுக்குப் போற பொம்பளைங்க பத்தினது, எங்கம்மா சித்தி எல்லாம் இன்னும் போறவங்கதான். பாதிக்கதை பிரதிலிபிங்கிற கதை ஆப்ல போட்டேன், நல்லா படிச்சாங்க. புத்தகமா வந்தா 160 பக்கம் சொச்சம் வரும்னு நினைக்கிறேன்.

ஒரு கம்பெனில இருந்து போன் பண்ணி பேக்கேஜ்னு சொல்றாங்க. எடிட்டிங், கவர், ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான அடையாள எண்), 500 காப்பி, அமேசான்ல ஏத்துறது, எழுத்தாளர் சான்றிதழ், கேடயம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, அதுல பாதிய இந்த வாரமே கட்டினா தள்ளுபடியாம். அவங்க கேக்குற தொகை எங்க வீட்டுக்கு பெரிய காசு. கட்டலாமா? இல்ல நானே ஒவ்வொண்ணா பாத்துக்க முடியுமா? யாராச்சும் செஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_கம்போசிட்டர் (ராமநாதபுரம்)

கேடயத்துக்கு எவ்வளவுன்னு தனியா கேளும்மா முதல்ல :)

நான் ஈய எழுத்து காலத்துல இருந்து பிரஸ்ல இருந்தவன், அதனால அச்சு சைடு மட்டும் சொல்றேன். பேக்கேஜ் தப்புன்னு சொல்ல வரல, ஆனா மொத்தமா ஒரு தொகை சொன்னா அதுல எது எவ்வளவுன்னு உனக்குத் தெரியாது, அதுதான் விசயம். பிரிச்சு எழுதித் தரச் சொல்லு. எடிட்டிங் எவ்வளவு, யார் செய்றா, லேஅவுட் எவ்வளவு, பேப்பர் என்ன, கவர் போர்டு என்ன, ஒரு காப்பி அச்சுக்கூலி எவ்வளவு. அச்சான புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனா சர்வீஸ்னு பில் போட்டா வரி தனியா ஏத்துவாங்களான்னும் கேட்டுக்க. பிரிச்சுத் தர மாட்டேன்னு சொன்னா அப்பவே உனக்கு பதில் கிடைச்சிருச்சு.

டெமி சைஸ்ல 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அடிச்சு மடிக்கிற ஒரு கட்டு. 160 பக்கம்னா சரியா பத்து ஃபாரம், அழகு. அதுவே 164 ஆச்சுன்னா அந்த நாலு பக்கத்துக்காக தனியா தாள் ஓட்டணும், காசும் ஏறும், பைண்டிங்லயும் இடிக்கும். அதனால லேஅவுட் முடிஞ்சதும் முன்னுரை பின்னுரை நன்றி பக்கம் எல்லாத்தையும் கூட்டிக் குறைச்சு 16ல அடைக்கப் பாரு. நன்றி சொல்ல ஆள் ஜாஸ்தினா எழுத்த சின்னதாக்கு.

உள்பக்கம் 70 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) மேப்லித்தோ பேப்பர் போதும், கொஞ்சம் பழுப்பா இருக்கிற நேச்சுரல் ஷேட் கேளு, கண்ணுக்கு இதம். கவர் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு.

இப்ப நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு, இத சென்னைக்காரன் எவனும் சொல்ல மாட்டான். கவர்ல வெளிப்பக்கம் மட்டும்தான் லேமினேஷன் போடுவாங்க. உள்பக்கம் வெறும் போர்டு, அது ஈரத்தை குடிச்சு உப்பும், லேமினேஷன் பக்கம் உப்பாது, அதனால கவர் வெளிப்பக்கமா சுருண்டுக்கும். ஐப்பசி கார்த்திகைல மண்டபத்துல வீட்டுக்குள்ள 500 காப்பிய அடுக்கி வச்சா தை மாசம் பாக்கவே சகிக்காது, ஓரத்துல பூஞ்சை வேற. தரையில வைக்காத, கடல் பாத்த சுவத்தை ஒட்டி வைக்காத, பலகை போட்டு கட்டுக்கட்டா பாலிதீன் சுத்தி, மேல கனமா எதாச்சும் வச்சு பாரம் ஏத்து. இத்தனை பாடும் எதுக்கு, கம்மியா அடிச்சா முடிஞ்சிருச்சு.

கீழக்கரை_நைனா (துபாய்)

கம்போசிட்டர் காக்கா (எங்க ஊர்ல அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதுல கடைசி வரிதான் மெயின். எதுக்கு 500? அப்ப மாதிரி இல்ல, இப்ப டிஜிட்டல் பிரிண்ட்ல அம்பது நூறு காப்பி போட்டுத் தர்ற பிரஸ் மதுரை, சிவகாசி, சென்னை எல்லா எடத்துலயும் இருக்கு. ஒரு காப்பிக்கு, மொத்தமா அடிக்கிற ஆஃப்செட்ட விட காசு ஜாஸ்திதான், ஆனா வித்தா மறுபடி அடிச்சுக்கலாம், பணம் முடங்காது.

தங்கச்சி ஒரு கணக்கு பாருங்க. புத்தகம் 200 ரூபான்னு வைங்க. கடைக்கு குடுத்தா 35ல இருந்து 40 சதவீதம் வரை கழிவு கேப்பாங்க. 40ன்னா கைக்கு வர்றது 120. அச்சுக்கு ஒரு காப்பி 90 ஆகியிருந்தா மிச்சம் 30, அதுலதான் கூரியரும் போகணும், எடிட்டிங்குக்கு குடுத்ததும் திரும்பி வரணும். கடைக்காரர் வித்த பிறகுதான் காசு தருவார், அதுவும் நாம ரெண்டு மூணு தடவை ஞாபகப்படுத்தணும். அதே புத்தகத்தை நீங்களே வாட்ஸாப்ல ஆர்டர் வாங்கி ஜிபேல காசு வாங்கி அனுப்பினா 110 நிக்கும், தபால் செலவு வாங்குறவங்க தலையில. அதனால முதல் நூறு காப்பிய கடைக்கே குடுக்காதீங்க.

செத்தும் கொடுத்த சீதக்காதி எங்க ஊர்க்காரர்தான், ஆனா அப்படி ஒரு வள்ளல் வந்து நம்ம புத்தகத்தை போட்டுத் தருவார்னு உக்காந்திருக்க முடியாதுல்ல. முன்பதிவு போடுங்க. இது ஒண்ணும் புது ஐடியா இல்ல, உ.வே.சாமிநாதையர் 1887ல சீவக சிந்தாமணிய அச்சுல கொண்டு வந்தப்ப புத்தகம் வாங்கிக்கிறோம்னு முன்கூட்டியே ஆளுங்ககிட்ட கையொப்பம் வாங்கித்தான் செலவ சமாளிச்சார். உங்களுக்கு கூகுள் ஃபார்ம் இருக்கு, அவருக்கு நடந்த காலு.

வாடைக்காத்து (தொண்டி)

எல்லாரும் அச்சு அச்சுன்னு பேசுறீங்க, நான் மாத்தி சொல்றேன். முதல் புத்தகத்தை எதுக்கு சொந்தமா போடணும்? நல்ல பதிப்பகம் நாலு பாத்து அனுப்பிட்டு வெயிட் பண்ணுங்க. பதிப்பகம் போட்டா புத்தகக் கண்காட்சில ஸ்டால்ல இருக்கும், விமர்சனம் வரும், நூலக ஆணைக்கு (அரசு நூலகங்களுக்கு வாங்குறது) போகும். சொந்தமா போட்டா சொந்தக்காரன் மட்டும்தான் வாங்குவான், அவனும் ஓசில கேப்பான். இப்ப யார் வேணா புத்தகம் போடலாம்ங்கிறதாலதான் எழுத்துப்பிழையோட ஆயிரம் புத்தகம் அலையுது.

கீழக்கரை_நைனா (துபாய்)

மச்சான் நூலக ஆணைய நம்பி அச்சடிக்கிறது லாட்டரி சீட்டு வாங்குற மாதிரி. வந்தா சந்தோசம், அதுக்காக 500 அடிக்க கூடாது. மத்தபடி பதிப்பகத்துக்கு அனுப்பலாம்கிறத நான் மறுக்கல. ஆனா அவங்க பதில் போடாம இழுத்தா எவ்வளவு காலம் உக்காந்திருக்கிறது?

சாயல்குடி_டீச்சர்

வாடைக்காத்து சொல்ற எழுத்துப்பிழை விசயம் உண்மை, அத கோவிக்காம எடுத்துக்கணும். கையில இருக்கிற காசு கொஞ்சம்னா அதுல பெரிய பங்கு எடிட்டிங்குக்கும் மெய்ப்புக்கும் போகட்டும், மிச்சம் இருக்கிறது கவருக்கும் வெளியீட்டு விழாவுக்கும். ரெண்டும் வேற வேற வேலை, ஒரே ஆள்கிட்ட ஒரே மூச்சுல குடுக்காதீங்க. எடிட்டர் கதைய பாப்பார், எங்க இழுக்குது, எந்தக் கதை இந்த தொகுப்புல இருக்கவே வேணாம்னு சொல்வார் (பதினொண்ணுல ரெண்டு எப்படியும் போகும், அழாதீங்க). மெய்ப்பு பாக்குறவர் சந்திப்பிழை, ஒற்றுப்பிழை, விட்டுப்போன வரி. முதல்ல ‘வாணி’ மாதிரி பிழைதிருத்தில போட்டு எடுத்துட்டு குடுத்தா அவருக்கு பாதி வேலை மிச்சம், ஆனா பேச்சு வழக்கு வசனத்தையெல்லாம் அது பிழைன்னு காட்டும், அத திருத்திடாதீங்க தயவுசெஞ்சு. கடைசி மெய்ப்பு ஸ்கிரீன்ல வேணாம், பேப்பர்ல எடுத்து பாருங்க.

எடிட்டர்கிட்ட முழுப்பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கதைய மட்டும் குடுத்து எப்படி செய்றார்னு பாருங்க. உங்க அம்மா பேசுற பேச்சை மேடைத் தமிழா மாத்திக் குடுத்தார்னா அவர் உங்களுக்கு ஆள் இல்ல.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு உறுத்துது. உங்க கதைல வர்றவங்க நிஜ ஆளுங்களா?

பாசிக்காரி_மக (மண்டபம்)

ஆமா டீச்சர், நாலஞ்சு கதை அப்படியே நடந்தது. பேர் கூட மாத்தல, அவங்களுக்கே அவங்க பேர் புத்தகத்துல வந்தா சந்தோசமா இருக்கும்னு சொன்னாங்க.

சாயல்குடி_டீச்சர்

பேர மாத்துங்க. ஊரையும் மாத்துங்க. சந்தோசமா இருக்கும்னு அவங்க சொல்றது இன்னைக்கு.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கான்னு அரசாங்கம் 1986ல அறிவிச்சது, பாம்பன்ல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு அதுக்குள்ள வருது, அனுமதி இல்லாம தீவுல யாரும் இறங்கக் கூடாதுன்னு சட்டம். பாசி எடுக்கிறவங்களுக்கும் வனத்துறைக்கும் அதனாலயே காலகாலமா இழுபறின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நீங்க கதைல இன்ன பேர் உள்ள அக்கா இன்ன தீவோரம் வல்லத்துல இருந்து இறங்கினாங்கன்னு எழுதி, பின்னட்டைல ‘உண்மைச் சம்பவங்கள்’னு போட்டு வித்தா, அது அவங்களுக்கு எதிரா ஒருத்தர் கையில குடுக்கிற எழுத்து ஆயிடும். கதைன்னு சொன்னா யாரும் விசாரிக்க மாட்டாங்கன்னு நம்பாதீங்க. உங்களுக்கு புத்தகம், அவங்களுக்கு அது பொழப்பு. தீவு பேர், வல்லத்து ஓனர் பேர், ஆள் அடையாளம் மூணும் கலைஞ்சிருக்கணும். ரெண்டு பேர ஒரே ஆளாக்கலாம், கதை ஒண்ணும் கெட்டுப்போகாது, பல நேரம் நல்லாவே ஆகும்.

அச்சுக்கு போறதுக்கு முன்னாடி அந்தக் கதைகளை அவங்களுக்கு நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. வாசிக்கிறப்ப எங்க சிரிக்கிறாங்க, எங்க மூஞ்சி மாறுதுன்னு பாருங்க. எந்த எடிட்டரும் தராத திருத்தம் அதுல கிடைக்கும். வேணாம்னு ஒரு கதைய சொன்னா அத எடுத்துருங்க.

வாடைக்காத்து (தொண்டி)

இத டீச்சர் சொன்னது ரொம்ப சரி. என் வாதத்தை விட இது முக்கியம்.

தீவுக்காரன்_ராஜ் (தங்கச்சிமடம்)

அக்கா கவருக்கு ஏஐல படம் போட்டுறாதீங்க ப்ளீஸ். நான் சும்மா டிரை பண்ணிப் பாத்தேன், ராமேஸ்வரம் படகுன்னு கேட்டா கேரளா கெட்டுவள்ளம் வருது, பாசி எடுக்கிற பொம்பளைன்னு கேட்டா மாடல் மாதிரி ஒரு பொண்ணு ஸ்கூபா கண்ணாடி போட்டு நிக்குது 😂 நம்ம அம்மாமாருங்க விரல்ல துணி சுத்திட்டு, கால்ல தகடு கட்டிட்டு போறது அதுக்கு எங்க தெரியும். நம்ம ஏரியாவுல போட்டோ எடுக்கிற பசங்க நிறைய பேர் இருக்கோம், காசு குடுத்து கேளுங்க, மூஞ்சி தெரியாத மாதிரி கை மட்டும் வர்ற போட்டோ நல்லாருக்கும். போட்டோவ புத்தகத்துல, விளம்பரத்துல பயன்படுத்திக்கலாம்னு எழுதி வாங்கிக்கங்க, போட்டோல இருக்கிறவங்ககிட்டயும் கேட்டுக்கங்க.

கீழக்கரை_நைனா (துபாய்)

சரி, இப்ப பேக்கேஜ்ல காசு வாங்குற மத்த ஐட்டங்களுக்கு வருவோம்.

ஐஎஸ்பிஎன். இந்தியாவுல இது இலவசம் தங்கச்சி. மத்திய கல்வி அமைச்சகத்துக்கு கீழ ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமைன்னு டெல்லில இருக்கு, ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், எழுத்தாளரே தன் பேர்ல வாங்கிக்கலாம். ஆதார் மாதிரி அடையாளச் சான்று, புத்தகத்தோட தலைப்புப் பக்கம் எல்லாம் கேப்பாங்க, கொஞ்சம் டைம் எடுக்கும், அதனால அச்சுக்கு போறப்ப அவசரமா ஓடாம முன்னாடியே போட்டு வைங்க. காசு போறத விட பெரிய விசயம் என்னன்னா, கம்பெனி தன் கணக்குல இருந்து நம்பர் குடுத்தா பதிவுல பதிப்பாளர் அவங்கதான், நீங்க இல்ல. கிண்டிலுக்கு (அமேசானோட இ-புக்) ஐஎஸ்பிஎன் தேவையே இல்ல, அமேசானே ஒரு நம்பர் குடுத்துரும்.

அமேசான்ல ஏத்துறது. கேடிபில (நாமளே புத்தகம் ஏத்துற அமேசான் தளம்) கணக்கு தொடங்க காசு கிடையாது. வேர்டு ஃபைல், கவர், பான் எண், பேங்க் கணக்கு இருந்தா ஒரு சாயங்காலத்துல முடிச்சிரலாம். டாக்ஸ் இன்டர்வியூன்னு ஒரு வரி படிவம் வரும், அதுல பான் எண்ணை ஒழுங்கா போடுங்க, இல்லாட்டி அமெரிக்காவுல விக்கிறதுல 30 சதவீதம் பிடிச்சுக்குவாங்க, போட்டா 15. தமிழ்ல இ-புக் மட்டும்தான் அதுல போடலாம், தமிழ் பேப்பர்பேக் போட முடியாது, அதனால ‘அமேசான்ல அச்சுப் புத்தகமும் வரும்’னு பேக்கேஜ்காரங்க சொன்னா அது அவங்க அடிச்சு வச்ச காப்பிய அவங்க விக்கிறதுதான்.

ராயல்டி 35 சதவீதம், 70 சதவீதம்னு ரெண்டு இருக்கு. இந்தியாவுல விக்கிறதுக்கு 70 வேணும்னா செலக்ட்ங்கிற திட்டத்துல சேரணும். சேர்ந்தா 90 நாளுக்கு அந்த இ-புக் வேற எங்கயும் டிஜிட்டலா இருக்கக் கூடாது. பிரதிலிபில இருக்கிற கதைய எடுத்தாகணும், உங்க ப்ளாக்ல முழுக்கதை இருந்தா அதையும். அச்சுப் புத்தகத்துக்கு இந்த கட்டுப்பாடு இல்ல. 90 நாள் முடிஞ்சா தானா ரினியூ ஆகும், வேணாம்னா டிக்க எடுத்துருங்க. செலக்ட்ல இருந்தா கிண்டில் அன்லிமிடெட்ல (சந்தா கட்டிப் படிக்கிறது) படிக்கிற பக்கத்துக்கும் காசு வரும். நம்ம கரைக்காரங்க பாதிப்பேர் வளைகுடாவுல, மலேசியாவுல இருக்காங்க, அவங்களுக்கு தபால்ல அனுப்பினா புத்தக விலைய விட தபால் ஜாஸ்தி, இ-புக்தான் வழி. ஊருக்கு வந்துட்டு திரும்புறவங்க பெட்டில நாலு காப்பி ஏத்தி விடுறதும் நடக்கும், அது தனி :)

வீட்டாள சொல்லி அஞ்சு ஸ்டார் போட வைக்காதீங்க, அமேசான் அத தூக்கிரும்.

தீவுக்காரன்_ராஜ் (தங்கச்சிமடம்)

பிரதிலிபில எடுத்தா ஃபாலோயர்ஸ் கோவிச்சுக்க மாட்டாங்களா?

கீழக்கரை_நைனா (துபாய்)

எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் போஸ்ட் போட்டு சொல்லணும். புத்தகத்துல சேராத ரெண்டு கதை இருக்கும்ல, டீச்சர் வெட்டச் சொன்னது, அத அங்கயே விடுங்க.

பழைய_கம்போசிட்டர் (ராமநாதபுரம்)

ஃபைல் விசயத்துல ஒரு எச்சரிக்கை. நீ போன்ல யூனிகோட்ல அடிச்சிருப்ப. பல பிரஸ்ல இன்னமும் பழைய ஃபாண்ட்டுக்கு மாத்தி பேஜ் போடுறாங்க, மாத்துறப்ப மேற்கோள் குறி, ஸ்ரீ, நம்பர் எல்லாம் எங்கயாச்சும் உடையும். யூனிகோட்லயே இன்டிசைன்ங்கிற லேஅவுட் சாஃப்ட்வேர்ல போடுறவங்கன்னா பாராகிராப் செட்டிங்ல வேர்ல்ட் ரெடி கம்போசர்னு ஒண்ணு இருக்கு, அத வைக்கலேன்னா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும். லேஅவுட் முடிஞ்ச பிறகுதான் மெய்ப்பு கடைசியா பாக்கணும், வேர்டுல பாத்தாச்சுன்னு விட்டுறாத.

வேலை முடிஞ்சதும் பிடிஎஃப் மட்டும் வாங்கிட்டு வராத, திருத்த முடியிற ஓப்பன் ஃபைலும் வாங்கு, கவரோட ஓப்பன் ஃபைலும். காசு பேசுறப்பவே இத பேசிடணும், பிறகு கேட்டா தனி ரேட்டு சொல்லுவாங்க. ரெண்டாவது பதிப்புக்கு வேற பிரஸ்க்கு போகணும்னா அது இல்லாம மறுபடி முதல்ல இருந்து.

தேவிபட்டினம்_வக்கீல்

ஒப்பந்தம் பத்தி ரெண்டு வரி. பதிப்புரிமை எழுதினவருக்குத்தான், பதிவு பண்ணினாத்தான் உண்டுன்னு இல்ல, வாழ்நாள் முழுக்க அப்புறம் 60 வருசம். உரிமைய எழுதிக் குடுக்கிறது எழுத்துல கையெழுத்தோட இருந்தாத்தான் செல்லும். எத்தனை வருசம்னு எழுதலேன்னா 1957 சட்டப்படி அஞ்சு வருசம்னு எடுத்துக்குவாங்க, எந்த நாடுன்னு எழுதலேன்னா இந்தியா மட்டும். பேக்கேஜ் படிவத்துல ‘அனைத்து உரிமைகளும், அனைத்து வடிவங்களிலும், நிரந்தரமாக’ன்னு ஒரு வரி பொடி எழுத்துல இருக்கான்னு பாருங்க. இருந்தா அடிச்சுட்டு கையெழுத்து போடுங்க, இல்ல போடாதீங்க. காசும் நீங்க குடுத்து உரிமையும் நீங்க குடுக்கிறதுக்கு என்ன அர்த்தம்?

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள்ள கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூணு நூலகத்துக்கும் ஆளுக்கொரு காப்பி பதிப்பாளர் தன் செலவுல அனுப்பணும், 1954ல வந்த சட்டம். சொந்தமா போட்டா பதிப்பாளர் நீங்கதான். நாலு காப்பி அதுக்குன்னு ஒதுக்கி வைங்க.

பாசிக்காரி_மக (மண்டபம்)

இவ்வளவு விசயம் இருக்குன்னு தெரியாது, எல்லாருக்கும் நன்றி. நேத்து நைட்டு அம்மாவுக்கும் சித்திக்கும் ரெண்டு கதை வாசிச்சேன் டீச்சர். சித்தி ஒரு எடத்துல ‘நீரோட்டம் அப்படி இழுக்காது, எந்தக் காத்துல நடக்குதுன்னு முதல்ல முடிவு பண்ணு’ன்னு சொல்லிட்டு தூங்கப் போயிட்டாங்க. அந்தப் பக்கத்தையே மாத்தி எழுதணும்.

பேக்கேஜ்காரங்ககிட்ட பிரிச்சு கேட்டேன், இன்னும் அனுப்பல. எப்ப வெளியிடுறதுன்னு ஒரு குழப்பம் இருக்கு, ஏப்ரல்ல பண்ணலாமா? மீன்பிடி தடைக்காலத்துல எல்லாரும் வீட்ல இருப்பாங்கல்ல.

தீவுக்காரன்_ராஜ் (தங்கச்சிமடம்)

வீட்ல இருப்பாங்க, கையில காசு இருக்காது அக்கா. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு ஓடாது, அந்த நேரத்துல 200 ரூபா புத்தகம் நீட்டுனா யாருக்கும் சங்கடம். அந்த ரெண்டு மாசத்துல எடிட்டிங் முடிங்க. படகு போய் காசு புரள ஆரம்பிச்ச பிறகு வைங்க. ஆனா ஐப்பசிக்கு முன்னாடி, மழைல எவனும் வரமாட்டான்.

வாடைக்காத்து (தொண்டி)

ராமநாதபுரத்துல மாவட்ட நிர்வாகம் நடத்துற புத்தகத் திருவிழா தேதிய பாத்து அதுக்கு ஒட்டி கொண்டு வாங்க. தனி ஸ்டால் எடுக்காதீங்க, கட்டுபடியாகாது. தெரிஞ்ச பதிப்பகம் இல்ல கடைக்காரர் ஸ்டால்ல கழிவு பேசி பத்து காப்பி வைங்க, உள்ளூர் எழுத்தாளர்களுக்கு பொது மேசை உண்டான்னு முன்கூட்டியே கேளுங்க. வாசகர் வர்ற சாயங்காலம் அங்க நில்லுங்க, அது ரொம்ப முக்கியம்.

நான் இன்னமும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிப் பாக்கலாம்னுதான் சொல்வேன், ஆனா சொந்தமா போட்டா அம்பது காப்பியோட ஆரம்பிங்க. பாரதியே 1920ல தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமா, ஒவ்வொண்ணும் பத்தாயிரம் பிரதி போடணும்னு திட்டம் போட்டு கடன் கேட்டு சுற்றறிக்கை அனுப்பினார், நடக்கல. அவருக்கே அப்படின்னா பாத்துக்கோங்க.

கீழக்கரை_நைனா (துபாய்)

அத நீங்க பயமுறுத்த சொல்றீங்க, எனக்கு அத கேட்டா ஒரு வேகம் வருது மச்சான். கடன் கேட்டாச்சும் தன் எழுத்தை தானே போடணும்னு ஒரு மனுசன் கணக்கு போட்டு உக்காந்திருக்கார் பாருங்க. காப்பி எண்ணிக்கை மட்டும்தான் தப்பு.

தபாலுக்கு ஒரு தகவல், 2025 மே மாசத்துல இருந்து ஞான் போஸ்ட்னு ஒண்ணு இருக்கு. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகத்துக்கு 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, அஞ்சு கிலோ வரைக்கும் 100, வரி தனி. 160 பக்க டெமி புத்தகம் பேக்கிங்கோட 300க்குள்ளதான் வரும். உள்ள விளம்பரம் இருக்கக் கூடாது, அச்சகம் இல்ல பதிப்பாளர் பேர் அச்சாகியிருக்கணும். கதைப் புத்தகத்தை அதுல எடுத்துக்குவாங்களான்னு உங்க போஸ்டாபீஸ் கவுன்டர்ல ஒரு காப்பிய காட்டி கேட்டுட்டு பிறகு வாங்குறவங்ககிட்ட தபால் செலவ சொல்லுங்க.

மூக்கையூர்_கவிஞன்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். நான் கவிதை வச்சிருக்கேன், மொத்தமே 60 பக்கம். இதுக்கும் இந்த கணக்கெல்லாம் ஒத்து வருமா?

பழைய_கம்போசிட்டர் (ராமநாதபுரம்)

60ஐ 64 ஆக்கு தம்பி, நாலு ஃபாரம். நடுவுல பின் அடிச்சாலே போதும், பைண்டிங் செலவு மிச்சம். முதுகுல பேர் போட எடம் இருக்காது, கடை அலமாரில சொருகி வச்சா எவனுக்கும் தெரியாது, அதனால கடைக்கு குடுக்காம கையில வச்சு வித்துக்க. ஃபைல் யூனிகோடா இல்ல பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்டா?

மூக்கையூர்_கவிஞன்

பாதி பாமினி அண்ணே. மீதி நோட்டுல.